மூடுபல்லக்கில் யார்?

பொன்னியின் செல்வனைக் கண்ணால் படித்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள்தான் எங்கள் குடும்பத்தில் அதிகம். பாட்டி கேட்டாள். அம்மா சிறுமியாக இருந்தபோது கேட்டாள். எழுபதுகளின் கோடை விடுமுறைகளில் நான் கேட்டேன். பிறகு என் பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள். அவர்களுக்கு வாசித்தவள் நான். எத்தனையோ செய்திருக்கிறேன் அவர்களுக்கு. சமைத்திருக்கிறேன், காய்ச்சலுக்குக் கண்விழித்திருக்கிறேன், கட்டணம் கட்ட ஓடியிருக்கிறேன். அதில் எதற்கும் இப்போது மனம் ஏங்குவதில்லை. அந்த வாசிப்புக்கு ஏங்குகிறது.

கல்கி வார இதழில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் ஓடிய தொடர் அது. முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அதை எழுதிய கல்கியும் காலமானார். அவர் பிறந்த புத்தமங்கலம் மாயூரத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால், மாயூரத்தில் இருந்த என் பாட்டிக்கு அவர் மேல் தனி உரிமை. "நம்ம பக்கத்துப் பிள்ளை" என்றுதான் சொல்வாள். பாட்டிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் இதழ் வந்ததும் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்களாம். வாசித்து முடித்தபின் பாட்டி அந்தப் பக்கங்களை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்து வைப்பாள். கொஞ்சம் சேர்ந்ததும் கடைத்தெருவில் கொடுத்து பைண்டு பண்ணிவிடுவாள். கனத்தைப் பார்த்துத் தைத்தார்களே தவிர, கதையின் பாகம் பார்த்துத் தைக்கவில்லை. அதனால் ஐந்து பாகக் கதை எங்கள் வீட்டில் ஆறு பைண்டாக இருக்கிறது. 'சுழற்காற்று' இரண்டாம் பைண்டின் நடுவில் தொடங்கி மூன்றாவதில் முடியும். சில பக்கங்களின் மறுபுறத்தில் தலைவலி மருந்து விளம்பரம் இருக்கும். பாதியில் வெட்டுப்பட்ட துணுக்கு ஒன்று இருக்கும். ஓவியர் மணியத்தின் படங்கள் மட்டும் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. கல்கியோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரைந்த மனிதர். குந்தவையின் கொண்டையும் பழுவேட்டரையரின் மீசையும் அவர் தீர்மானித்ததுதான். அதற்குப் பிறகு வந்த யாராலும் அதை மாற்ற முடியவில்லை.

இந்தக் கதையை இழுவை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரே மூச்சில் படித்தவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். கல்கி எழுதியது காத்திருக்கிறவர்களுக்காக. ஒரு வாரம் கழித்து வந்து உட்காருபவர் எங்கே விட்டோம் என்று தடுமாறக்கூடாது, வந்தவர் நடுவில் எழுந்து போகவும் கூடாது. அதற்காகவே கட்டப்பட்ட உரைநடை. சின்னச் சின்ன வாக்கியங்கள். நடுநடுவே வாசகரை நேராகப் பார்த்துக் கூப்பிடுவது. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு குரல் கேட்கும். யாருடையது என்று சொல்லாமல் நிறுத்திவிடுவார். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அந்த வாக்கியங்கள் எவ்வளவு அளந்து வைக்கப்பட்டவை என்று தெரியும். எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே முற்றுப்புள்ளி வந்திருக்கும்.

நாங்கள் தொடங்கியபோது மகள் நாலாம் வகுப்பு. மகன் ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் போகவில்லை. சென்னையில், போரூரை ஒட்டிய ஒரு வாடகை வீடு. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நான் வந்து உட்காருவேன். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் இல்லை என்பது ஒப்பந்தம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் வந்தியத்தேவனை அறிமுகப்படுத்தியதும் சின்னவன் கேட்டது ஏரியைப் பற்றி. "அது இப்பவும் இருக்காம்மா?" இருக்கிறது, நாம் குடிக்கும் தண்ணீரே அதுதான் என்றேன். உண்மையும் அதுதான். இப்போது வீராணம் என்று சொல்கிற அந்த ஏரியிலிருந்து, வீராணம் திட்டத்தில் 2004-லிருந்து சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிப் போரூருக்கு வந்து அங்கிருந்து பிரிகிறது. மறுநாள் காலையில் அவன் பல் தேய்க்காமல் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். பராந்தகன் காலத்து ஏரி, எங்கள் வீட்டுத் தொட்டியில்.

அப்புறம் மூடுபல்லக்கு. பெரிய பழுவேட்டரையரின் இளையராணி உள்ளே இருப்பதாக எல்லாரும் நம்பும் பல்லக்கு அது. கடம்பூர் மாளிகைக்குள் அது போகும், திரை விலகாது. உள்ளே யார் என்று இரண்டு பேரையும் கேட்டேன். பெரியவள் யோசித்து, இளையராணி இல்லை, வேறு யாரோ ஒரு பெண், சிறை பிடித்துக் கொண்டுபோகிறார்கள் என்றாள். சின்னவன் தயங்காமல் "புலி" என்றான். சோழர்களின் கொடியில் புலி இருப்பதால், பல்லக்கிலும் புலிதான் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. வாசித்துக்கொண்டே போனோம். அடுத்தடுத்த இரவுகளில் ஆழ்வார்க்கடியான், குரவைக்கூத்து, நடுவில் விருந்தாளிகள் வந்து ஓர் இரவு போயிற்று. புலிக்கு என்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கடம்பூர் மாளிகையில் நடக்கும் நள்ளிரவுக் கூட்டத்தில், பழுவேட்டரையர் பல்லக்கருகில் போய் அழைக்க, திரை விலகி இளவரசர் மதுராந்தகர் இறங்கி வந்தபோது, மகள் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "அய்யோ அம்மா, ஆம்பளை!" என்றாள். சின்னவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "புலி அடுத்த பல்லக்குல வரும்" என்றான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துணி போட்டு மூடிய எதுவும் மூடுபல்லக்குதான். பிறந்தநாள் பரிசு, தட்டு போட்டு மூடிய கிண்ணம், மார்க் ஷீட் வைத்திருக்கும் கவர், எல்லாம்.

சின்னவன் பல இரவுகளில் பாதியிலேயே தூங்கிவிடுவான். அத்தியாயத்தை அவனுக்காக மறுநாள் திரும்ப வாசிக்க நேரமிருக்காது. அதற்கு ஒரு வழியைப் பெரியவளே கண்டுபிடித்தாள். பைண்டில் சில இடங்களில் 'முன்கதைச் சுருக்கம்' என்று தலைப்புப் போட்டு வந்ததைப் பார்த்திருந்தாள். தினமும் நான் வருவதற்குள், தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தம்பிக்கு முன்கதைச் சுருக்கம் சொல்லி முடித்திருப்பாள். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சொன்ன கதை கல்கி எழுதியதைவிட வேகமாக ஓடும். இளையராணி நந்தினிக்கும் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் நடுவே இருந்ததை, "அவங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல ஃப்ரெண்ட்ஸ், அப்புறம் பெரிய சண்டை" என்று ஒரே வரியில் கடந்துவிடுவாள். பூங்குழலியைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்வாள். கோடிக்கரையில் தனியாகப் படகோட்டுகிற பெண், இருட்டில் சேற்றுநிலத்தில் எரிகிற கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று காட்டுகிறவள், யாருக்கும் பயப்படாதவள். பூங்குழலி வருகிற அத்தியாயங்களில் மகள் என் தோள்மேல் சாய்ந்து தானும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடிக்கரையில் அலைகளுக்கு நடுவே அந்தப் பெண் பாடுகிற இடம் வந்தால் நான் ராகம் போட்டே ஆக வேண்டும். பெரியம்மா போட்ட அதே ராகத்தைத்தான் போட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவே கட்டியதாக இருக்கும்.

ஒரு பொங்கல் விடுமுறையில் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனோம். சிதம்பரத்தில் இறங்கி வேறு பஸ். வீராணம் ஏரி நிறைந்து கிடந்தது. கதையில் வீரநாராயண ஏரிக்கு எழுபத்து நான்கு மதகு. சின்னவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான். மதகும் பாலமும் பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தான். உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். அங்கேதான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன், அவன் உடன்பிறந்தார் பெயர்களைச் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பறிமுதல் செய்த சேதியைச் சொல்வது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டியது. கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர் எந்தச் சுவர் என்று காட்டினார். ரவிதாசன் என்ற பெயர் கல்லில் இருக்கிறது என்றதும் மகள் முகம் மாறிவிட்டது. அதுவரை ரவிதாசன் கல்கி உண்டாக்கிய மந்திரவாதி. ஆந்தை போலக் கத்துகிறவன். இப்போது அவனுக்கு நிலம் இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவன் மேல் ஓர் அரசனின் உத்தரவு இருந்தது. கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நிஜமாவே கொன்னது இவன்தானா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அந்தக் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கி இருவரையும் படித்தவர். படித்துவிட்டு, கடம்பூர் மாளிகையின் இருட்டில் யார் கை ஓங்கியது என்பதைக் கடைசிவரை திட்டமாகச் சொல்லாமலே விட்டார். கதை அந்த இடத்துக்கு வர அப்போது எங்களுக்கு இன்னும் வெகுகாலம் இருந்தது. வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பெரிய பழுவேட்டரையர் எறிந்த கத்திதான் என்றாள் மகள். அவரே ஒத்துக்கொள்கிறாரே என்றாள். மகன் கல்வெட்டை விடவில்லை.

ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்குகிறது. இளவரசர் தங்கியிருக்கும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது. கல் நந்தி முழுகுகிறது. இந்தப் பக்கங்களைப் பெரியம்மா வாசித்தபோது எனக்கு அது ஒரு சாகசக் காட்சி. என் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தில் நடந்ததை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். மகளுடைய பள்ளியில் துணிமணி சேகரித்து அனுப்பியிருந்தார்கள். அவள் தன்னுடைய பச்சைப் பாவாடையைக் கொடுத்திருந்தாள். நான் வாசித்துக்கொண்டே போக, அவள் ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இளவரசருக்கு ஒண்ணும் ஆகலை இல்லம்மா?" "இல்லை." "ஊர்க்காரங்களுக்கு?" கல்கி ஊர்க்காரர்களைப் பற்றியும் எழுதியிருந்தார், பொங்கிய கடலுக்குப் பிறகு இளவரசன் அவர்களுக்காக அங்கே தங்கி உழைப்பதை எழுதியிருந்தார். அந்தப் பகுதியை நான் மெதுவாக வாசித்தேன். கோடிக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சமாகச் சொல்லப்பட்டதும் அந்தச் சுனாமியில்தான் விழுந்தது. பூங்குழலியின் வீடு அதன் காலடியில்தானே இருந்தது என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்தப் பாகத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஐந்தாம் பாகம் பெரிது; முதல் பாகத்துக்கு ஐம்பத்தேழு அத்தியாயம் என்றால் இதற்குத் தொண்ணூற்றொன்று. மகள் அதற்குள் வளர்ந்துவிட்டாள். ஊமை ராணி மந்தாகினி தஞ்சை அரண்மனைக்குள் இருக்கிறாள். அரசர் சுந்தர சோழரைக் குறிவைத்து வேல் வரப் போகிறது. அதைத் தன் உடம்பில் வாங்கி அவள் சாகப் போகிறாள். எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் பக்கத்தைப் புரட்டினேன். அதற்கு இன்னும் ஒரு பத்தி இருக்கும்போது மகள் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போனாள். பூங்குழலி பாட்டுக்கு நடுவில்கூட எழுந்து போகாத பெண். சொம்பு சத்தம் கேட்கவில்லை. அவள் அங்கே இருட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். நான் வாசித்து முடித்து, சின்னவன் அழ ஆரம்பித்ததும் உள்ளே வந்தாள். அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பைண்டை எடுத்து முழுவதும் படித்து முடித்திருக்கிறாள். எப்போது என்று தெரியவில்லை. தெரிந்தும் இத்தனை இரவுகளாகத் தெரியாதவள்போல என்னோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தம்பியிடம் ஒரு வார்த்தை நழுவவிடவில்லை. முன்கதைச் சுருக்கத்தில்கூடப் பின்கதை கசியவில்லை.

அவளிடம் நான் அதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறையில் கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர், கேட்பவன் ஒருவன். சின்னவன் கண்ணை விரிக்கும்போதெல்லாம் நானும் அவளும் அவன் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். என் பெண் குழந்தையாக இருந்ததிலிருந்து எனக்குச் சமமாக வந்து உட்கார்ந்த முதல் இடம் அதுதான்.

பிறகு பத்தாம் வகுப்பு, டியூஷன், இரவு பத்து மணி வரை ரெக்கார்டு நோட்டு. கதை சில மாதம் அப்படியே நின்றது. அதை மறுபடி தொடங்கவைத்தது மின்வெட்டு. அந்த நாட்களில் இரவிலும் மணிக்கணக்கில் கரண்ட் போகும். படிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. எமர்ஜென்சி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். மேல் வீட்டுத் தம்பதியும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். மாயூரத்துக் கூடத்தில் பெரியம்மா வாசித்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது பட்டது.

கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை சாகிறாள். வந்தியத்தேவனை நேசித்து, அவனுக்காகப் பழியை ஏற்கவும் முன்வந்து, சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே கண்ணை மூடுகிற கடம்பூர்ப் பெண். பொன்னியின் செல்வன் என்று பெயர் வைத்த கதையை முடிசூட்டு விழாவில் நிறுத்தாமல் இந்தப் பெண்ணின் மரணத்தில் கொண்டுபோய் நிறுத்தியது கல்கியின் பெரிய மனசு என்று நினைக்கிறேன். சின்னவன் அழவில்லை. அழுகிற வயது அவனுக்குப் போயிருந்தது. விளக்கை அணைக்கச் சொன்னான்.

மணி ரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகமாக வந்தது. மகள் மெல்போர்னில் பார்த்தாள், மகன் புனேயில், நான் வடபழனியில். கல்கி இதழ் அச்சில் வருவது அதற்கு முன்பே, 2020-ல் நின்றுவிட்டது. இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வந்து செல்போனைத் திறந்தபோது மகனிடமிருந்து நான்கைந்து அழைப்பு வந்திருந்தது. திரும்ப அழைத்தேன். அவன் ஹலோ சொல்லவில்லை. "மணிமேகலை எங்கம்மா?" என்றான். படத்தில் அவள் இல்லை. ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் கொண்டுவர எதையாவது விடத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். "அவளை விட்டுட்டா எப்படி?" என்று இருபத்து மூன்று வயதுப் பிள்ளை தியேட்டர் வாசலில் நின்று கேட்டான். சற்று நேரத்தில் மகளும் அழைப்பில் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பூங்குழலியைப் பற்றிச் சொல்ல இருந்தது. அன்று இரவு எல்லாரும் வெகுநேரம் பேசினோம். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

கதை தெரியாமல் கேட்கிற ஓர் ஆள்தான் இப்போது எனக்கு இல்லை. புத்தகம் இருக்கிறது. நாட்டுடைமை ஆனபின் புத்தகக் காட்சியில் எந்த அரங்குப் பக்கம் திரும்பினாலும் அந்த ஐந்து பாகம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒலிப்புத்தகமும் வந்துவிட்டது, மகன் வண்டி ஓட்டும்போது கேட்கிறான். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், வாரம் தவறாமல் பேசுகிறார்கள். மூடுபல்லக்கில் யார் என்று தெரியாத ஒருவன், புலி என்று நம்பிக்கொண்டு, நாளை இரவு வரை காத்திருக்கத் தயாராகப் பக்கத்தில் படுத்திருந்தானே, அவனைத்தான் காணோம். அவனுக்குச் சொல்லிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணையும் காணோம். சில இரவுகளில் பைண்டை எடுத்து நானே சத்தமாக வாசித்துப் பார்த்திருக்கிறேன். அத்தியாயம் முடிந்ததும் அடுத்ததைப் புரட்டிவிடுகிறேன். நிறுத்தச் சொல்ல அங்கே ஒப்பந்தம் இல்லை.

பாட்டியின் பைண்டுகள் தனக்கு வேண்டும் என்று போன முறை வந்தபோது மகள் கேட்டாள். அதைக் கேள்விப்பட்ட மகன் தனக்கு மூன்றாவது என்றான். ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அவர்களே பேசி முடித்தும்விட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாகம் பாகமாகத் தைத்ததல்லவே. எங்கே பிரித்தாலும் ஒரு பாகம் இரண்டாகப் போகும். கொடுப்பதென்றால் ஆறும் ஒருவருக்குத்தான். யாருக்கு என்று விடாமல் கேட்கிறார்கள். லீவு போட்டு வந்து, இரவுச் சாப்பாடு முடிந்து, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நான் வாசிக்க ஓர் அத்தியாயம் முழுதாகக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு என்று சொல்லியிருக்கிறேன். மகன் தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டான். மகள், தான் வரும்வரை எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்கிறாள்.